பொம்மை வாங்கும் முன் டிராலியைத் திறந்து பாருங்கள்

ஒரு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஹியூமன் ஃபேக்டர்ஸ், சிமுலேஷன் என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்கள். எங்கள் வார்டில் ஆளும் போதாது, இடமும் போதாது. லட்சக்கணக்கில் பொம்மை வாங்க வழியில்லை. இதெல்லாம் எங்களுக்கு உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?"

உதவும். சிமுலேஷன் என்பது வேறொன்றும் இல்லை, நெருக்கடியை நாடகமாக நடத்திப் பார்க்கும் ஒத்திகை; பொம்மை அதில் நோயாளியாகப் படுப்பது. காசுவாலிட்டியிலும் பிறகு பயிற்சி கொடுப்பதிலும் இருபது வருடத்துக்கு மேல் கழித்த அனுபவத்தில் சொல்கிறேன். பொம்மையைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், வாங்காமலும் ஓட்டலாம். முதலில் வேண்டியது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு காலி ஸ்ட்ரெச்சர், அரை மணி நேரம், வார்டில் எல்லோருக்கும் நம்பிக்கையான ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு ஆரம்பித்த இடங்களில் நல்லதை விடக் கெடுதல் அதிகம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறையில் யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு சம்பவத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அதையே சொல்கிறேன். 2005 மார்ச் 29, இங்கிலாந்து. எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், சைனஸ் ஆபரேஷனுக்காகப் போயிருந்தார். அவசரமில்லாத, நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்கான மாஸ்க் சரியாக உட்காரவில்லை. சில நிமிடங்களிலேயே ஆக்சிஜன் அளவு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை, மூச்சுக்குழாய்க்குள் விடும் டியூபும் இறங்கவில்லை. இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது படித்த எல்லோருக்கும் தெரியும்: கழுத்தின் முன்பக்கம் கீறி, நேரே மூச்சுக்குழாயில் வழி திறக்க வேண்டும். அந்த அறையில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. நீண்ட அனுபவமுள்ள மயக்க மருத்துவர், உதவிக்கு ஓடிவந்த இன்னொரு மயக்க மருத்துவர், ஆபரேஷன் செய்ய வந்த காது மூக்கு தொண்டை நிபுணர். கழுத்தைத் திறக்கச் சொன்னால் அந்த நிபுணரைவிடத் தேர்ந்த கை ஏது? ஆனால் மூவரும் டியூப் போடுவதிலேயே மூழ்கிப்போனார்கள். ஒருவர் முயன்று விட்டால் அடுத்தவர், அவர் விட்டால் திரும்ப முதலாமவர். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. எலைன் கண் விழிக்கவே இல்லை. பதின்மூன்று நாள் கழித்து இறந்தார்.

என் மனதை இன்றுவரை அறுப்பது டாக்டர்கள் செய்ததல்ல. அங்கிருந்த நர்ஸ் ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே போய் கழுத்தில் வழி திறக்கும் செட்டை எடுத்து வந்து, "கொண்டு வந்துவிட்டேன்" என்றும் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டு போன் செய்துவிட்டு வந்து சொன்னார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான் தேவையில்லாமல் பதறிவிட்டோமோ என்று நினைத்து அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள், கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தெரிந்தவர் வாயிலிருந்து செய்ய வேண்டியவர் காதுக்கு அந்தச் சேதி போய்ச் சேர ஒரு பாதை மட்டும் இல்லை.

எலைனின் கணவர் மார்ட்டின் புரோமிலி விமான ஓட்டி. விசாரணை எப்போது என்று அவர் கேட்டார். வழக்குப் போட்டால்தான் விசாரணை என்பது போலப் பதில் வந்தது. விமானம் விழுந்தால் யாரும் வழக்குப் போடக் காத்திருப்பதில்லையே என்று அவர் விடாமல் கேட்டு, மருத்துவப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் தனி ஆய்வு நடக்க வைத்தார். அந்த டாக்டர்களைத் தண்டியுங்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், இதில் கற்றதைக் கொண்டு இன்னும் நல்ல மருத்துவர்களாக வேண்டும் என்றார். 2007இல் கிளினிக்கல் ஹியூமன் ஃபேக்டர்ஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கினார். மனைவியை இழந்த ஒருவர் கோபத்தை இப்படி ஒரு வேலையாக மாற்றிக் கொடுத்தார். அந்த வேலையின் பலனைத்தான் நாம் எல்லோரும் இன்று எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். தமிழில் 'மனிதக் காரணிகள்' என்று எழுதுகிறார்கள். கேட்டால் ஏதோ மனிதரின் குறைகளைப் பட்டியல் போடுகிற படிப்பு மாதிரி இருக்கிறது. விஷயம் வேறு. மனிதரின் கண் இருட்டில் எவ்வளவு படிக்கும், நெருக்கடியில் மனம் எத்தனை விஷயத்தைப் பிடித்து வைக்கும், ராத்திரி மூன்று மணிக்குக் கை எப்படி நடுங்கும், பக்கத்தில் சீஃப் நின்றால் வாய் எவ்வளவு திறக்கும் என்பதையெல்லாம் மாற்ற முடியாத உண்மைகளாக எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப கருவியையும் இடத்தையும் வேலை முறையையும் அமைப்பது. 'கவனமாக இருங்கள்' என்ற சுற்றறிக்கை இதில் சேராது.

கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். சிறிய சிலிண்டரின் வால்வில் இரண்டு துளை இருக்கும், அதில் பொருந்த மெஷினில் இரண்டு ஊசி இருக்கும். ஆக்சிஜனுக்கு ஓர் இடத்தில், நைட்ரஸ் ஆக்சைடுக்கு வேறு இடத்தில். தூக்கத்தில் மாட்டினாலும் தப்பானது மாட்டாது. யாரையும் கவனமாக இருக்கச் சொல்லாமலேயே உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது, 1950களிலிருந்து இருக்கிறது. அந்த ஏற்பாடு எங்கே உடைகிறதோ அங்கே ஆள் சாகிறார். தமிழ்நாட்டிலேயே 2011இல் ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போய், கோமாவில் கிடந்து இறந்துபோனார். உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். செய்தி படித்தவர்கள் எல்லோரும் 'யார் மாட்டியது?' என்று கேட்டார்கள். 'மாட்ட எப்படி முடிந்தது?' என்பதுதான் இந்தப் படிப்பு கேட்கிற கேள்வி.

உங்கள் எமர்ஜென்சி டிராலியிலேயே இதே கேள்விக்கு இடம் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலையும் (மருந்து அடைத்த சிறு குப்பி) டிஸ்டில்டு வாட்டர் 10 மில்லி ஆம்பூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். ஒன்று மருந்து கலக்கும் வெறும் தண்ணீர். இன்னொன்று நேராக நரம்பில் போட்டால் இதயத்தை நிறுத்திவிடும். இந்த இரண்டும் டிராலியின் ஒரே இழுப்பறையில் கிடக்கும் வார்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிவப்பு ஸ்டிக்கரும் பூட்டும் வாங்க ஐம்பது ரூபாய் ஆகுமா?

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு அழகான உதாரணம் உண்டு. வலிப்போடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள், எடை தெரியாது. எடையைக் கிலோவில் ஊகித்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெருக்கி, ஒரு மில்லியில் உள்ள மில்லிகிராமால் வகுத்து மருந்து எடுக்க வேண்டும். தாய் கதறிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கணக்கு வராது. அமெரிக்காவில் ஜேம்ஸ் புரோஸ்லோ என்ற மருத்துவர் இதற்கு ஒரு டேப் செய்தார். குழந்தையின் பக்கத்தில் நீட்டிப் பிடித்தால் உயரத்துக்கு ஏற்ற நிறம் வரும், அந்த நிறத்துக்கு உரிய மருந்து அளவும் டியூப் அளவும் அதிலேயே அச்சாகியிருக்கும். கணக்கைத் தலையிலிருந்து எடுத்து டேப்பில் வைத்துவிட்டார். ஆனால் நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து 2008இல் வந்த ஆய்வில், பத்து கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த டேப் எடையைக் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்தது. நம் பிள்ளைகள் அதே உயரத்துக்கு மெலிவு. வெளியூர்ச் சாமானை நம் வார்டில் ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

விமானத் துறையிலிருந்து நாம் வாங்கியது கொஞ்சம் இல்லை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு யுனைடெட் விமானம் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கேப்டனின் முழுக் கவனமும் சக்கரத்தில். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் மென்மையாகச் சொல்லிப் பார்த்தார்கள், அது அவர் மனதில் ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, பத்துப் பேர் இறந்தார்கள். எலைனின் அறையில் டியூப் எதுவோ, இந்த விமானத்தில் சக்கரம் அது. இதற்கு அடுத்த வருடம் நாசா கூட்டிய கூட்டத்திலிருந்துதான், விமானக் குழுவுக்குப் பேசவும் கேட்கவும் வேலை பிரிக்கவும் பயிற்சி கொடுக்கும் முறை பிறந்தது. அதை மயக்கவியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கபா. 1980களின் பிற்பகுதியில் பொம்மை நோயாளியையும் உண்மையான ஆபரேஷன் தியேட்டர் சூழலையும் சேர்த்து நெருக்கடிப் பயிற்சியை அமைத்தார்.

நம் ஊர் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு 'பைலட்' என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். ஆனால் விமானத்திலிருந்து எல்லாவற்றையும் அப்படியே எடுத்து ஒட்ட முயல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விமானம் நேரம் பார்த்துக் கிளம்பும், சரியில்லை என்றால் கிளம்பாது. காசுவாலிட்டிக்கு வருகிறவர் பாம்புக்கடியா மாரடைப்பா விஷமா என்று தெரியாமல் வருவார், கூடவே இருபது சொந்தக்காரர்கள் வருவார்கள், அதே நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். நமக்கான பாடத்தை நம் தரையில்தான் கற்க வேண்டும். சிமுலேஷனை வார்டிலேயே நடத்துங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சிமுலேஷன் என்றதும் எல்லோருக்கும் பொம்மைதான் ஞாபகம் வருகிறது. நார்வேயில் லேர்டால் என்பவரின் பொம்மைக் கம்பெனி 1960இல் கொண்டுவந்த ரெசசி ஆனி பொம்மையில்தான் உலகம் நெஞ்சை அழுத்தக் கற்றது, அதன் பெருமையைக் குறைக்க மாட்டேன். மருத்துவக் கல்லூரிகளில் இப்போது ஸ்கில்ஸ் லேப் கட்டாயம், மாணவர்கள் அங்கே கை பழகட்டும். ஆனால் குளிரூட்டிய அறையில், முழு செட்டும் அடுக்கி வைத்த மேசையில் பழகியவர், உங்கள் வார்டின் மூலையில், பிளக் எட்டாத சக்ஷன் மெஷினோடு (தொண்டையில் தேங்குவதை உறிஞ்சி எடுப்பது) என்ன செய்வார் என்பதை அந்த அறை காட்டாது. வார்டிலேயே, வார்டின் ஆட்களோடு, வார்டின் சாமான்களோடு நடத்தினால் மட்டும்தான் தெரியும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு வருடத்தில் 90 முறை இப்படி நடத்தி, 73 மறைந்திருந்த ஆபத்துகளைக் கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டார்கள். அவ்வளவு வசதியான இடத்திலேயே இந்தக் கணக்கு.

நான் நடத்தியதில் ஒன்றைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்று வேண்டாம். காலை பதினொன்றரை, கூட்டம் கொஞ்சம் அடங்கிய நேரம். பயிற்சியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜனை ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொல்லி, வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தோம். "ஐம்பது வயசு, நெஞ்சு வலின்னு வந்தார், வாசல்லயே மயங்கிட்டார்." உயிராபத்தில் வருகிறவர்களைப் பார்க்கும் ரெட் ஜோனில் ஏற்றியதும் படுத்திருந்தவர் எழுந்துகொண்டார், அவர் இடத்தில் அரிசி மூட்டை கட்டும் கோணிக்குள் பழைய துணியைத் திணித்துத் தைத்த நெஞ்சு. ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினேன்.

நெஞ்சை அழுத்த வந்த ஸ்டாஃப் நர்ஸ் உயரம் குறைந்தவர். ஸ்ட்ரெச்சரின் உயரத்தை இறக்கும் லிவர் துருப்பிடித்து நின்றுவிட்டது. அவர் குதிகாலைத் தூக்கி நின்று அழுத்துகிறார், அழுத்தம் நெஞ்சுக்குப் போகாமல் மெத்தைக்குப் போகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர் அவர். கால் வைக்க ஒரு ஸ்டூல் இல்லாததால் அந்தப் படிப்பு கைக்கு வரவில்லை. டியூட்டி டாக்டர், "அட்ரினலின் போடுங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அறையில் ஏழு பேர். இரண்டு பேர் ஆளுக்கொரு ஆம்பூலை உடைத்தார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் போடவில்லை என்று நினைத்தார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டெஃபிப்ரிலேட்டர் வந்தது, அதன் ஒயர் பிளக் வரை எட்டவில்லை, பேட்டரியில் சார்ஜ் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நர்ஸிங் ஸ்டேஷனில், செல்போன் சார்ஜர் மாட்டியபடி. முதல் ஷாக் கொடுக்கும் நிலைக்கு வர ஆறு நிமிடம் பத்து வினாடி. டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிந்தது, ஆனால் சக்ஷனின் பாட்டில் மூடி சரியாக மூடாமல் இழுக்கவே இல்லை.

அந்த ஆறு நிமிடத்தில் சோம்பேறித்தனமாக ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள், வியர்த்து வழிந்தார்கள். ஒரு ஸ்டூல், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பாட்டில் மூடி, ஒரு லிவருக்கு எண்ணெய், யார் எதைச் செய்வது என்ற பேச்சு. இந்த ஐந்தையும் ஒரு வாரத்தில் சரிசெய்து, அடுத்த மாதம் அதே நாடகத்தை அதே ஆட்களோடு நடத்தினோம். இரண்டு நிமிடத்துக்குள் ஷாக் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். மருத்துவ அறிவு ஒருவருக்கும் கூடியிருக்கவில்லை. இடம் மாறியிருந்தது.

பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு நம் ஊரில் தனிக் கஷ்டம் இருக்கிறது. முதல் விதி எளிது: பெயர் சொல்லிக் கேளுங்கள், கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும், செய்ததும் சொல்லட்டும். "செல்வி சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம், ஐ.வி." "ஒரு மில்லிகிராம் ஐ.வி., எடுக்கிறேன் சார்." "போட்டாச்சு சார், பதினொன்று நாற்பது." அவ்வளவுதான். மில்லியில் சொல்லாமல் மில்லிகிராமில் சொல்லுங்கள். அட்ரினலினில் இது உயிர்ப் பிரச்சனை. நம் ஆம்பூலில் ஒரு மில்லிகிராம் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு அது முழுக்க நரம்பில் போக வேண்டும். குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்குகிற, நாடி இருக்கிற, வயது வந்த ஒருவருக்கு அதில் பாதி, தொடைத் தசையில். அதே ஆம்பூலை முழுதாக நரம்பில் தள்ளினால் அவரை நாமே கொன்றுவிடலாம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஒத்திகை நடத்துங்கள், எத்தனை கை தடுமாறுகிறது என்று பார்ப்பீர்கள்.

இரண்டாவது, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் 'இது தப்பு' என்று சொல்வது. இதை வெளிநாட்டு முறையில் நாலு படியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள்: கேள்வியாகக் கேள், கவலையைச் சொல், எதிர்த்துச் சொல், நிறுத்து. நம் ஸ்டாஃப் நர்ஸ், "சார், நீங்கள் செய்வதை நான் எதிர்க்கிறேன்" என்று சொல்ல மாட்டார், சொல்லவும் தேவையில்லை. மரியாதை குறையாமலேயே படி ஏறலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், விழுகிறது என்று வையுங்கள். "சார், சாச்சுரேஷன் பார்த்தீங்களா?" அதற்கும் திரும்பவில்லை என்றால், "சார், அறுபதுல இருக்கு, எனக்குப் பயமா இருக்கு." அதற்கும் இல்லை என்றால், "சார், மூணு தடவை டியூப் ட்ரை பண்ணியாச்சு. கழுத்து செட் கையில இருக்கு." கடைசிப் படிக்கு வார்டு முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே வாக்கியம் வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்டது: "சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க." இந்த வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தாலும், துப்புரவுப் பணி செய்யும் அக்கா சொன்னாலும், கை நிற்க வேண்டும், தலை நிமிர வேண்டும். சொன்னவர் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே அறிவித்து, ஒத்திகையில் சீஃபே வேண்டுமென்று தவறு செய்து, நர்ஸ் நிறுத்துகிற வரை காத்திருக்க வேண்டும். முதல் முறை யாரும் நிறுத்த மாட்டார்கள். மூன்றாவது முறை நிறுத்துவார்கள். அந்த முதல் குரல் எழும்பும்போது அறையில் ஏற்படுகிற மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கண் கலங்கியிருக்கிறது.

நோயாளி வருமுன் கிடைக்கிற ஒரு நிமிடத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் கிளிஃப் ரீட் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 2018இல் எழுதிய முறை ஒன்று உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய மூன்று: என் நிலை எப்படி இருக்கிறது, குழு யார் யார், இடம் தயாரா. '108 பத்து நிமிடத்தில் விபத்து கேஸ் கொண்டுவருகிறது' என்று போன் வந்ததும், டியூட்டி டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் தலைமாட்டுல நிக்கிறேன். கார்த்தி, நீங்க ஐ.வி. லைன் போடுங்க. மேரி சிஸ்டர், மருந்து, டைம் ரெண்டும். ஸ்ட்ரெச்சரை இங்க போடுங்க, சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் மட்டும் உள்ள, முருகன் அண்ணா அவர்கூட நில்லுங்க. நான் எதாவது விட்டா சொல்லுங்க" என்று சொல்ல முப்பது வினாடி போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தலைவரே வாயைத் திறந்து கேட்டால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும்.

ஆம்புலன்சிலிருந்து கைமாற்றுவதும் ஒத்திகைக்கு நல்ல இடம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள், ஆபரேஷன் முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றும் குழப்பத்தைத் தீர்க்க, பந்தயக் காரின் டயரை மாற்றும் ஃபெராரி குழுவிடம் போய்க் கற்றுவந்தார்கள். முக்கியமாகக் கற்றது, யாருக்கு எந்த இடம், யார் எப்போது பேசுவது என்ற ஒழுங்கு. நம் வார்டில் இது இவ்வளவாக இருந்தால் போதும்: நெஞ்சு அழுத்திக்கொண்டிருந்தால் ஒழிய, 108இல் கூட வரும் அவசர உதவியாளர் (இ.எம்.டி.) பேசும் அரை நிமிடம் எல்லோர் கையும் நிற்கட்டும், எல்லோர் காதும் அவரிடம் இருக்கட்டும். விபத்து நடந்த இடத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் மட்டும்தான்.

ஒத்திகை முடிந்தபின் உட்கார்ந்து பேசும் பதினைந்து நிமிடம்தான் மொத்தத்தின் உயிர். அதைக் கெடுத்தால் எல்லாம் கெட்டது. ஆரம்ப காலத்தில் நான் பயின்ற இடத்தில், ஒத்திகையை நடத்திய மூத்தவர் எல்லோர் முன்னாலும் ஒரு முதுநிலை மாணவியை, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டார். அடுத்த மாதம் அந்த மாணவி விடுப்பு எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் பாதிப் பேர் வரவில்லை. "ஏன் செய்யலை?" என்று கேட்டால் பதிலாகச் சாக்குதான் வரும். பார்த்ததைச் சொல்லுங்கள், உங்கள் கவலையைச் சொல்லுங்கள், பிறகு அவர் மனதில் ஓடியதைக் கேளுங்கள்: "மூணாவது தடவையும் டியூப் ட்ரை பண்ணினீங்க, அப்ப சாச்சுரேஷன் விழுந்துகிட்டிருந்தது. எனக்குக் கவலையா இருந்தது. அந்த நேரத்துல உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சது?" அவர் சொல்வார்: "மானிட்டர் எனக்குப் பின்னால இருந்தது சார், பீப் சத்தத்தை யாரோ ஆஃப் பண்ணியிருந்தாங்க." இதுதான் நீங்கள் தேடி வந்தது. மானிட்டரை நகர்த்துங்கள், சத்தத்தை வையுங்கள். கத்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் வார்டுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையுள்ள வார்டுகளில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததைச் சொல்ல அவர்களுக்குப் பயமில்லை. உங்கள் வார்டில் யாரும் எந்தத் தவறையும் சொல்வதில்லை என்றால், அதைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். ஆகவே விதிகளை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்: ஒத்திகையில் நடந்தது வேலை மதிப்பீட்டில் வராது, செல்போனில் படம் பிடிக்கக் கூடாது, வாட்ஸாப் குரூப்பில் பேசக் கூடாது. வெளியே போவது சாமானும் இடமும் பற்றிய பட்டியல் மட்டும். அதில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதி, மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்க்கும் ஆர்.எம்.ஓ. மேசைக்கு அனுப்புங்கள். கண்டுபிடித்ததைச் சரிசெய்யாமல் அடுத்த ஒத்திகைக்குக் கூப்பிட்டால் மக்கள் வர மாட்டார்கள், வராதது நியாயமும்கூட.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். ஒத்திகைக்குத் தண்ணீர் நிரப்பிய ஊசி, 'அட்ரினலின்' என்று எழுதியபடி டிராலியில் தங்கிவிட்டால், அன்று ராத்திரி வருகிற உண்மை நோயாளிக்கு அதுதான் போகும். ஒத்திகைச் சாமான் எல்லாவற்றிலும் மஞ்சள் டேப் சுற்றி, எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வையுங்கள். உடைத்த ஆம்பூலுக்கு உடனே மாற்று வையுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் இது பயிற்சி என்று முன்பே சொல்லுங்கள். கூட்டம் இருந்தால் அன்றைக்கு ரத்து, அதில் வெட்கமில்லை. சின்சினாட்டியிலேயே பல ரத்தானது.

உங்கள் கேள்வியில் இருந்த ஆள் பற்றாக்குறையை நான் தாண்டிப் போகவில்லை. இருபது படுக்கைக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்றால் அதை எந்த ஒத்திகையும் சரிசெய்யாது, சரிசெய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒத்திகை அதற்குச் சாட்சி தரும். 'ஆள் வேண்டும்' என்று எழுதிய கடிதங்கள் பீரோவில் கிடக்கின்றன. 'இரவு டியூட்டியில் இருவரோடு நடத்திய ஒத்திகையில், ஒருவர் நெஞ்சை அழுத்த, மற்றவர் மருந்து எடுக்க, மூச்சு கொடுக்க ஆளே இல்லை. நேரம் இது, தேதி இது' என்று எழுதிய கடிதத்துக்கு ஒரு இடத்தில் பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஒத்திகையைப் பகலில் நடத்தாதீர்கள். ராத்திரி இருக்கிற ஆட்களோடு, ராத்திரி எரிகிற விளக்கிலேயே நடத்துங்கள்.

நாளைக் காலை டியூட்டி ஏறியதும் ஒன்று செய்யலாம். இங்கிலாந்தின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015இல் சொன்னபடி, கழுத்தில் வழி திறக்க மூன்றே பொருள் போதும்: பத்தாம் நம்பர் பிளேடு மாட்டிய ஸ்கால்பெல், டியூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சியான ஒரு பூஜி, கஃப் (காற்று ஊதும் சிறு பலூன்) வைத்த 6 அளவு டியூப். மூன்றையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் கவரில் போட்டு, டியூப் டிராலியின் பக்கவாட்டில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற உயரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பிறகு அன்றைய டியூட்டியில் இருக்கும் நர்ஸ் ஒவ்வொருவரையும் கூட்டிவந்து காட்டி, "மூணு தடவை டியூப் இறங்கலைன்னா இதைக் கையில எடுத்துக்கிட்டு என் முகத்துக்கு நேரா நீட்டுங்க, சிஸ்டர்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.